எறங்கிநட டிரைவர் போட்ட குல்லா

தான் ஓட்டிய தூரத்தைவிடப் பயணிகளை நடக்கவைத்த தூரம் அதிகம் என்று சொல்லத்தக்க டிரைவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் செஞ்சியில் இருந்தார். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவே தினமும் நாலு நடை போய்வந்த பஸ்ஸை ஓட்டினார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வண்டி எங்காவது திணறினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் "எறங்கி நட" என்பார். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா, மாலையும் கழுத்துமாக மறுவீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை, கோழிக்கூடை வைத்திருக்கிறவர், ஒருவருக்கும் விலக்கு கிடையாது. கோழிக்கூடையும் இறங்கித்தான் ஆகவேண்டும். அதனால் அவர் எறங்கிநட டிரைவர்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அது கரி பஸ். யுத்தம் நடந்த காலம். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வரும் கேஸில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. காலையில் கண்டக்டர் அரைமணி நேரம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதினால்தான் கேஸ் பிடிக்கும். வழியில் எஞ்சின் அணைந்தால் மறுபடி அரைமணி. ஏரிக்கரை மேட்டில் ஆட்களோடு ஏறவே ஏறாது. நாங்கள் இறங்கி நடந்து, மேட்டுக்கு மேலே போய் நின்று, பஸ் வந்து சேருவதற்காகக் காத்திருப்போம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீடு செஞ்சியில், அனந்தபுரத்தில் ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர் வேலை. தினமும் அந்த பஸ்ஸில் போனேன் என்பதைவிட அந்த பஸ்ஸோடு போனேன் என்பதுதான் சரி. கேஸ் பிடிக்கும் வரை காத்திருக்கும் நேரத்தில் குரோஷா போடுவேன். போர்டிங் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தது. பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். ஒரு நூல்கண்டு, முனையில் சின்னக் கொக்கி உள்ள ஓர் ஊசி. கொக்கியால் நூலை இழுத்து, வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டே போகவேண்டும்.

டிரைவரைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரே மகள், வேதவல்லி. தாயில்லாத பெண். அவரே தலை வாரி, பூ வைத்து வளர்த்த பெண். பஸ்ஸுக்கு மூட்டையாகக் கரி கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த சின்னப்பன் என்ற பையனை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். சின்னப்பன் வீட்டார் எங்கள் ஆட்கள், வேதக்காரர்கள் என்று ஊர் சொல்கிற கிறிஸ்தவர்கள். அவன் ஊர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், மாதா கோயிலோடு இருந்த சின்ன ஊர். கல்யாணம் அந்தக் கோயிலில் நடந்தது. அன்றைக்கு டிரைவர் பஸ் ஸ்டாண்டின் நடுவே நின்று, இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். பெயரிலேயே வேதத்தை வைத்துவிட்டு இப்போது கோபித்து என்ன பயன் என்று கண்டக்டர் முணுமுணுத்தாராம். அதற்காக அவரோடு டிரைவர் ஒரு மாதம் பேசவில்லை. கண்டக்டர் விசில் ஊதுவார், இவர் நகர்த்துவார். அவ்வளவுதான் உறவு.

அதோடு விடவில்லை. மருமகன் போடும் கரியைத் தொடமாட்டேன் என்றார். சின்னப்பனின் கரி முதல்தரமான கரி. தட்டினால் கண்ணாடி மாதிரி சத்தம் கேட்கும். அதை விட்டுவிட்டு வேறு எங்கிருந்தோ ஈரக் கரியும் மண்ணும் கலந்த மூட்டைகளை முதலாளியிடம் சொல்லி வரவழைத்தார். அந்தக் கல்யாணத்தால் பாதிக்கப்பட்டது அவர் குடும்பம் மட்டுமில்லை. செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வரை உள்ள ஜனங்கள் அத்தனை பேரும் இரண்டு வருஷமாக அதற்காக நடந்துகொண்டிருந்தார்கள்.

மகள் ஊர் வழியில்தான் இருந்தது. அங்கே பஸ்ஸை நிறுத்துவார். ஆனால் போகும்போது முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொள்வார். ஊர் இடது பக்கம். திரும்பும்போது ஊர் வலது பக்கம், முகம் இடது பக்கம்.

ஓர் ஆடி மாதக் காலையில் அவர் தம் இருக்கையில் இருந்தபடியே என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது கஷ்டமான வேலையா என்று கேட்டார். இல்லை, பொறுமை இருந்தால் போதும் என்றேன். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் பின்சீட்டில் யாரோ இருமினார்கள்.

"பீடியை விட்டுட்டேன் டீச்சரம்மா. கை இன்னா பண்றதுன்னு தெரியாம ஸ்டீரிங்கைப் பிராண்டிக்கினு இருக்குது. எனக்கும் அதைக் காட்டிக் குடுங்க" என்றார்.

நான் நம்பினேன். அவர் பீடியை விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாளே ஊசியோடு வந்தார். சைக்கிள் கம்பி ஒன்றை வெட்டி, முனையை அரத்தால் ராவிக் கொக்கியாக்கியிருந்தார். என் ஊசியைவிட நன்றாக இருந்தது. நூலுக்கு யுத்தக் காலத்தில் பெரும் பஞ்சம் என்பதால் கரி மூட்டையைத் தைத்திருந்த சணலைப் பிரித்துக்கொண்டு வந்தார். முதல் பாடம் சங்கிலி. ஒரு முடிச்சுப் போட்டு, அதன் வழியாக நூலை இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணி வழியாக இழுத்தால் அடுத்தது. இதற்குமேல் சுலபமான வேலை இந்த உலகத்தில் இல்லை. அவருக்கு நாலு நாள் ஆனது. கியரைப் பிடிக்கிற பிடியில் ஊசியைப் பிடித்தார். ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கின இறுக்கில் அடுத்த தடவை ஊசி உள்ளே போகவில்லை. "தளர்த்துங்க, தளர்த்துங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தளர்த்தியது தோளைத்தான், நூலை இல்லை.

பிடிபட்டதும் நிறுத்தத் தெரியவில்லை. சங்கிலிக்கு அடுத்தது என்ன என்று கேட்காமல் சங்கிலியாகவே பத்து நாள் போட்டார். அது ஸ்டீரிங்கில் தொடங்கி, பஸ்ஸின் கடைசிச் சீட்டு வரை போய்த் திரும்பி வந்தது. அதை வெட்டி, கண்டக்டருடைய விசிலுக்கு ஒரு கயிறு, மூக்குக்கண்ணாடி போட்ட தபால்காரருக்கு ஒரு கயிறு, தலைச்சுமைக்காரர்கள் கட்டுக்கட்டத் துண்டு துண்டாகக் கயிறு என்று ஊருக்கே வழங்கினார். எல்லாம் கரி மூட்டைச் சணல். தபால்காரர் கழுத்து ஒரு வாரம் கறுப்பாக இருந்தது.

அடுத்து குட்டைப் பின்னல். சங்கிலி மேலேயே திரும்பி வந்து, வரிசைமேல் வரிசையாக அடுக்குவது. முதல் வேலையாக, சூடான டம்ளரைப் பிடிக்கச் சதுரமாக ஒரு துணி போடச் சொன்னேன். திரும்புகிற இடத்தில் கடைசிக் கண்ணியை விட்டுவிடாமல் போடவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அதை விட்டார். இருபது கண்ணியில் தொடங்கியது பதினெட்டாகி, பதினைந்தாகி, கடைசியில் ஒன்றில் போய் நின்றது. சதுரம் கேட்டேன், முக்கோணம் கொடுத்தார். மறுபடி போட்டார், மறுபடி முக்கோணம். ஏழு முக்கோணம் ஆனபிறகு, இது என் தப்பில்லை, சணலின் குணம் என்றார்.

ஆனால் ஒரு மாற்றம் நடந்ததை எல்லாரும் கவனித்தார்கள். கண்ணிகளை எண்ணவேண்டியிருந்ததால் அவரால் திட்ட முடியவில்லை. முன்பெல்லாம் ஸ்டாண்டில் நிற்கிற அரைமணியில் கண்டக்டரை, கரியை, முதலாளியை, குறுக்கே வந்த மாட்டை எல்லாம் வரிசையாகத் திட்டி முடிப்பார். இப்போது வாய்க்குள் "பதினொண்ணு, பன்னெண்டு" என்று போய்க்கொண்டிருக்கும். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். பயணிகளுக்கும் பழகிவிட்டது. அவர் எண்ணும்போது யாரும் பேசமாட்டார்கள். அந்த அமைதியில் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைமேல் ஆடுகள் கத்துவதுகூடக் கேட்கும்.

புரட்டாசி பிறந்ததும், இனி வட்டம் போடக் கற்றுக்கொடுங்கள் என்றார். சதுரமே வராதவருக்கு வட்டமா என்று தயங்கினேன். அவர் பிடிவாதம் செய்தார். நல்ல வெள்ளை நூல் என்னிடம் இரண்டு கண்டு இருந்தது. அதில் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கும்முன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கரி பஸ் டிரைவர் கை கழுவியதை அன்றுதான் பார்த்தேன்.

வட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நடுவில் ஆறு கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். அவருடையது மூன்றாவது சுற்றிலேயே கிண்ணமாகிவிட்டது. தப்பு என்றேன். பிரிக்கச் சொன்னேன். அவர் பிரிக்கவில்லை. அந்தக் கிண்ணத்தைத் தம் முழங்கால்மேல் கவிழ்த்துவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இதே மாதிரி, ஆனால் இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் எங்கே வரைக்கும் கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று நிதானமாகக் கேட்டார். எவ்வளவு பெரிதாக என்று கேட்டேன். அது இனிமேல்தான் தெரியும் என்றார்.

அப்புறம் தொடங்கியது அந்தக் கூத்து.

பஸ்ஸில் முன்சீட்டு, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு, எப்போதும் முதலாளிக்கு வேண்டியவர்கள் உட்காருகிற இடம். அதில் கைக்குழந்தைக்காரிகளைக் கூப்பிட்டு உட்காரவைக்க ஆரம்பித்தார். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்பார். ரெண்டு மாசம், மூணு மாசம் என்று பதில் வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து, குழந்தையின் தலையைச் சுற்றி அளந்து, ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஆறு மாசம் என்றால் முகம் தொங்கிவிடும், அளக்கமாட்டார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. தாய்மார்களும் முதலில் சிரித்துக்கொண்டு காட்டினார்கள்.

எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பெரிய மலையான ராஜகிரி மேலே எங்கேயோ புதையல் இருக்கிறது என்று நம்பாத வீடு அந்தக் காலத்தில் கிடையாது. அதை எடுக்க வேண்டுமானால் அதைக் காக்கிற பூதம் தலைச்சன் பிள்ளையின் தலையைக் கேட்கும் என்பதும் சேர்ந்த நம்பிக்கை. பேச்சு எங்கே கிளம்பியது என்று தெரியாது. சந்தை நாள் முடிவதற்குள், எறங்கிநட டிரைவர் புதையல் எடுக்கப் போகிறார், அதற்குத்தான் பிள்ளைகளின் தலையை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், சரியான அளவு இன்னும் கிடைக்கவில்லை என்று நாலு ஊரும் பேசியது. நான் சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளைகூட ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை ஆண்களும் குறைந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி நேரில் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்.

சுற்றிலும் கூட்டம். நானும் நின்றேன். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். ஏன் அளந்தாய் என்று கேட்டார். சொன்னால் ஊருக்கு விளங்கிவிடும், பிழைப்பும் ஓடும் என்று கெஞ்சுகிற மாதிரிகூடக் கேட்டுப்பார்த்தார். டிரைவர் வண்டியின் மட்கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் எங்களையெல்லாம் ஒரு வார்த்தையால் நடக்கவைத்தவருக்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"அப்ப சாவியைக் குடுத்துட்டுப் போயிடு" என்றார் முதலாளி.

டிரைவர் சாவியை எடுத்து நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் குல்லாவுக்கு அளவு எடுத்தார் என்று சொன்னேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு அந்த வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு, சிலர் சிரித்தார்கள். முதலாளிக்கு உயிர் வந்தது. யாருக்குக் குல்லா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் வேதவல்லிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது எங்கள் கோயிலில் எல்லாருக்கும் தெரியும். அந்த நொடியில்தான் எனக்குப் பீடி, வட்டம், ரெண்டு மாசம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. புரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் புத்தி இருபத்திரண்டு வயதில் இல்லை.

"அவரு பேரப்புள்ளைக்கு" என்றேன்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதலாளி சாவியைத் திருப்பி அவர் கையில் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். வேலை பிழைத்தது. டிரைவர் என் கையிலிருந்த குல்லாவை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வாங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊர் நடுவே வேட்டி அவிழ்ந்துபோன மனிதன் பார்க்கிற பார்வை அது. சத்தியம் பண்ணினதும் இதே இடத்தில், எல்லார் முன்னாலும்தான். அவர் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நான் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டேன்.

அடுத்த பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஊசியைத் தொடவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. ஏரிக்கரை மேட்டில் பஸ் திணறும்போது நாங்களாகவே இறங்கி நடந்தோம். அவர் திட்டினால் தேவலாம் என்று கண்டக்டரே சொன்னார். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை முன்சீட்டுப் பக்கம் போனேன். நான் செய்தது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் அவர் வேலை போயிருக்கும். சரி என்று சொல்லவும் முடியவில்லை. இன்றுவரை அதில் எனக்கு ஒரு முடிவு கிடையாது.

இதற்குள், குல்லா விஷயம் அன்று சாயங்காலமே அதே பஸ்ஸில் ஏறி அவர் மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பதினோராவது நாள் காலை. கார்த்திகைப் பனி, ஏரியிலிருந்து காற்று ஊசி மாதிரி அடித்தது. அந்த ஊரில் பஸ் நின்றது. வழக்கம்போல அவர் வலது பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கடைசியாக ஒரு பெண், பழைய சால்வையில் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினாள். வேதவல்லி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை. செஞ்சிக்கு வரவேண்டுமென்றால் நடந்தே வருவாள். நேராகப் போய்க் காலியாக இருந்த முன்சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் நின்றுவிட்டார்.

அவள் பிள்ளையின் தலையிலிருந்து சால்வையை விலக்கினாள்.

"நைனா, ஊருல உள்ள புள்ளைங்க தலையெல்லாம் அளந்தியாமே. இதையும் அளந்துக்கோ."

அவர் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி கிளப்ப அரைமணி ஆகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கையை நீட்டி எஞ்சினை அணைத்தார். கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார்.

பிறகு டிரைவர் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் தலையைத்தான் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட சணலை எடுத்தார். குழந்தையின் நெற்றியில் தொடங்கிப் பின்னால் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தார். அவர் போட்டிருந்த முடிச்சு இரண்டு விரல்கடை குறைந்தது. சட்டைக்குள் கைவிட்டுக் குல்லாவை எடுத்து வைத்துப் பார்த்தார். பானைமேல் சின்ன மூடியை வைத்த மாதிரி உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"மண்டை பெருசா இருக்குது" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"உன் மண்டைதான்" என்றாள் அவள்.

பின்னால் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். இதுவே போதும், இப்படியே போட்டுக்கொள்கிறேன் என்று அவள் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. குல்லாவின் கடைசி முடிச்சை நகத்தால் நெம்பி, நூலைப் பிடித்து இழுத்தார். இரண்டு மாத வேலை கரகரவென்று பிரிந்து அவர் மடியில் விழுந்தது. உச்சி வட்டம் மட்டும் மிஞ்சியபோது நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து சைக்கிள் கம்பி ஊசியை எடுத்தார். கொஞ்சநேரம் அந்த வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, திரும்பாமலே, பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, எத்தினி கண்ணி கூட்டணும்?"

இன்னும் இரண்டு சுற்று, சுற்றுக்கு ஆறு, பிறகு கூட்டவேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார். வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். கேஸ் பிடித்து வெகுநேரம் ஆகியும் கண்டக்டர் விசில் ஊதவில்லை. யாரும் ஊதச் சொல்லவும் இல்லை. பாதிக் குல்லாவோடு வண்டி கிளம்பியது. நான் அனந்தபுரத்தில் இறங்கும்போது வேதவல்லி இறங்கவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டேன். எங்கும் இல்லை என்றாள்.

சாயங்காலம் நான் ஏறியபோதும் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அந்த பஸ்ஸில் போய்ப் போய் வந்திருக்கிறாள். மத்தியானம் கண்டக்டர் சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று அவர் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன். பத்து வார்த்தைகூட இருக்காது, அதிலும் எட்டு வார்த்தை பிள்ளை அழுததைப் பற்றி என்றார். குல்லா முடிந்திருந்தது. ஒரு பக்கம் காது மூடியது, மறுபக்கம் மூடவில்லை. ஓரத்தில் கரிக் கைரேகை. அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை தாத்தாவின் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஊர் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். வா என்று கூப்பிடப் போகிறார், வருகிறேன் என்று சொல்லப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"இந்தக் கரி ரொம்ப மோசமா இருக்குது. நாளைக்கு உன் வூட்டுக்காரனை ரெண்டு மூட்டை எடுத்தாரச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். வேதவல்லி தலையை ஆட்டினாள். அவளுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாள் சின்னப்பன் இரண்டு மூட்டை கேட்டதற்கு நாலு மூட்டை கொண்டுவந்தான். அந்த வாரமே ஏரிக்கரை மேட்டில் பஸ் எங்களோடு ஏறியது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் இறங்கி நடந்தார்கள்.

யுத்தம் முடிந்து, பெட்ரோல் வந்து, எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி நாள் செஞ்சி ஸ்டாண்டில் என் டிரங்குப் பெட்டியைக் கண்டக்டர் எடுக்கவந்தபோது, டிரைவர் தாமே இறங்கிவந்து எடுத்தார். இன்னொரு பஸ்ஸின் மேல் ஏறி, அதை அசையாமல் கட்டிவைத்தார். கீழே வந்து கொஞ்சநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடுங்க டீச்சரம்மா. எனக்குப் படிக்க வராது. எம் பொண்ணு படிச்சுக் காட்டும்" என்றார்.

போட்டேன். அவர் இருந்தவரை வருஷத்துக்கு இரண்டாவது போட்டிருப்பேன். என் சௌக்கியம், அந்த ஊர் மழை, பள்ளிக்கூடம் என்று நாலு வரி எழுதுவேன். கடைசி வரி மட்டும் எல்லாக் கார்டிலும் ஒன்றுதான். வேதவல்லி அதைச் சத்தமாகப் படிக்கவேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பதற்காகவே எழுதியது. 'உன் நைனாவைப் போல ஒரு மாணவர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.'